மைக்கில் சொன்ன கடவுச்சொல்

அந்த அக்காவின் நண்டையும் இறாலையும் அழுகவிட்டது நீங்கள்தான், தலைவரே. நான் அல்ல. ஊருக்கு நீங்கள் வேறு கதை சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் ஊருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நடந்தது போன வருடம். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு மீன்பிடிக் கிராமம், அங்கே ஒரு கடற்றொழிலாளர் சங்கம். நான் கரவெட்டியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவள். சங்கத்தின் புதிய குளிரறைக்கு ஒரு சின்னக் கணினி பொருத்தித் தரச் சொன்னார்கள். லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அறையில் சூடு ஏறினால் அது சிலரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். கோளாறு என்றால் நான் என் கடையில் இருந்தபடியே அந்தக் கணினிக்குள் போய்ப் பார்க்கலாம். இனிக் காவலாளி எதற்கு என்று, இருந்த மனிதரையும் நிறுத்திவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு, குளிரறைக்குக் காசு தந்தவர் கனடாவில் இருந்து வந்திருந்தார். விளக்கேற்றினார், நாடா வெட்டினார். கணினியையும் அவரே தொடக்கி வைக்கட்டும் என்றார் தலைவர். எல்லா அதிகாரமும் உள்ள ஒரு கணக்கு அவருக்கு வேண்டும் என்று முதலே சொல்லி வைத்திருந்தார். வந்தவர் கடவுச்சொல்லைச் சும்மா தட்டவில்லை. மைக்கைப் பிடித்து, ஊர்க்கோயிலின் பெயரையும் தான் பிறந்த வருடத்தையும் எழுத்து எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் தட்டினார். சனம் கைதட்டியது. அந்த வீடியோவைச் சங்கத்தின் முகநூல் பக்கத்திலேயே போட்டார்கள்.

அந்தக் கடவுச்சொல் இப்போது ஊர் உலகத்துக்கே தெரியும். அன்று பின்னேரமே வேலையில் இறங்கினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூரத்தில் இருந்து ஒரு கணினிக்குள் போக இரண்டு வழி உண்டு. ஒன்று கடவுச்சொல். அதை உலகத்தில் எவனும் தட்டிப் பார்க்கலாம். அதற்கென்றே ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. மற்றது கீ, அதாவது கணினிக் கோப்பாக இருக்கும் ஒரு திறப்பு, சாவி. அதன் ஒரு பாதி அந்தக் கணினியில், மறுபாதி என் மடிக்கணினியில். இரண்டும் பொருந்தாமல் கதவு திறக்காது. எனக்கும் சங்கச் செயலாளருக்கும் கீ செய்தேன். பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொரு இணைப்பில் கீயால் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. அதன் பிறகுதான் கடவுச்சொல் வழியை அடியோடு நிறுத்தினேன். செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தேன்.

அடுத்த கிழமை தலைவர் என்னைக் கூப்பிட்டார். நிர்வாக சபை முழுக்க இருந்தது. மேசையில் ஒரு கைபேசி, அதில், விழா முடிந்து திரும்பிப் போயிருந்த கனடாக்காரர்.

"பிள்ளை, அண்ணைக்கு உள்ளுக்கை போக ஏலாமல் கிடக்காம். என்ன செய்து வைச்சிருக்கிறீர்?" என்றார் தலைவர்.

"பாஸ்வேட்டை நிப்பாட்டிப் போட்டன் ஐயா. அவருக்கும் ஒரு கீ செய்து தாறன். அவரின்ரை கொம்பியூட்டரிலை போட்டால் சரி."

கைபேசி கத்தியது. "நான் கட்டித் தந்த அறைக்கை போறதுக்கு உம்மட்டைத் திறப்பு வாங்கவேணுமோ, தங்கச்சி? இஞ்சை வந்த ஆக்களுக்குக் காட்டுவம் எண்டு எடுத்தால், என்னையே வெளியிலை நிப்பாட்டுது!"

"உங்கடை பாஸ்வேட் முகநூலிலை கிடக்கு ஐயா. கள்ளனுக்கும் தெரியும்."

"கள்ளன் வந்து ஐஸையோ தூக்கிக்கொண்டு போகப் போறான்?" என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப பாஸ்வேட்டையாவது மாத்துவம்."

"கோயில்ரை பேரை எடுக்கச் சொல்லுறீரோ?" என்றார் தலைவர்.

காசு தந்தவருக்கு முன்னால் கதவு பூட்டிக் கிடக்கக்கூடாது. அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். கடவுச்சொல் வழியைத் திரும்பத் திறக்க மாட்டேன் என்று நான் எழுந்து வந்தேன். தலைவரின் மருமகன் கணினி படித்தவராம். செயலாளரின் கீயால் உள்ளே போய்ப் பழைய வழியைத் திறந்துவிட்டார். போகிற போக்கில் என் கீயையும் அழித்து, நான் உள்ளே போக முடியாமல் செய்துவிட்டார். இது ஆபத்து, உடனே மூடுங்கள் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். தலைவரிடம் இருந்து பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அந்த அறையில் சரக்கு வைத்திருந்தவர்களில் ஒருவர்தான் நான் சொன்ன அக்கா. கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். கரையில் நண்டும் இறாலும் வாங்கிச் சேர்த்து, முதல் தடவையாகத் தானே நேரடியாக ஒரு கொழும்பு வியாபாரிக்கு அனுப்பக் காத்திருந்தார். கோயில் தேருக்கு ஊரே போயிருந்ததால் இரண்டு நாள் அறையை எவரும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அக்காவிடம் இருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"பிள்ளை, உள்ளுக்கை வெக்கையடிக்குது. நாறுது. ஓடி வா."

ஓடினேன். கணினியில் ஒரு திரையைப் பொருத்திப் பார்த்தேன். கனடாக்காரரின் கணக்கால் எவனோ உள்ளே புகுந்து, பிட்காயின் மாதிரி இணையக் காசு சேர்க்கும் தன் வேலைக்கு அதை முழுதாகப் பிடித்து வைத்திருந்தான். சூட்டைக் கவனித்துத் தகவல் அனுப்பும் எங்கள் நிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தான். இடையில் கரண்ட் போய் வந்திருக்கிறது, குளிரூட்டி திரும்ப இயங்கவில்லை. சொல்ல வேண்டிய கணினி சொல்லவில்லை. பார்க்க வேண்டிய காவலாளியை முதலே வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

கடற்கரையில் மணலைக் கிண்டி எல்லாவற்றையும் புதைத்தோம். அக்கா அழவில்லை. பெட்டி பெட்டியாகக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் சங்கத்தில் சனம் கூடியது. "கொம்பியூட்டர் கொண்டுவந்து பூட்டினது இந்தப் பிள்ளைதான். இவவைக் கேளுங்கோ" என்றார் தலைவர். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீயோ பிள்ளை?"

நான் கைபேசியை எடுத்து அந்த வீடியோவைப் போடப் போனேன். "பெரிய மனுசரைச் சந்திக்கு இழுக்காதையும்" என்று தலைவர் தடுத்தார். அன்று மேசையைச் சுற்றி இருந்து சிரித்த அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

கொழும்பு வியாபாரி வேறு ஆள் பிடித்துவிட்டார். அக்கா இப்போது இன்னொருவரின் வாடியில், கரையோர மீன் கொட்டிலில், கூலிக்கு மீன் வெட்டுகிறார். கண்டால் என்னோடு கதைப்பார், ஆனால் முந்தி மாதிரி இல்லை. வீடியோ இன்னும் சங்கத்தின் பக்கத்தில் கிடக்கிறது. எந்தக் கணினியில் கடவுச்சொல் வழியை மூடினாலும் எனக்கு அந்த மணல் குழியின் நாற்றம் வருகிறது. உள்ளே நின்று கதவைத் திறந்துவிடுகிறவனைத் தடுக்க என்னிடம் கீ இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

தலைவரே, அடுத்த பொதுக்கூட்டத்தில் அக்காவை முன்வரிசையில் இருத்துங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். அந்தக் கதவைத் திறக்கச் சொன்னது யார் என்று, ஊர் கேட்க, எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.