களிமண் பெண்ணுக்கு வாய்த்த மாப்பிள்ளை

எனக்கு ஒன்பது வயதில் கல்யாணம் நடந்தது. மணப்பெண் களிமண். நடத்தி வைத்தவர் என் சித்தப்பா.

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு பழைய பங்களாவில் நாட்டுப்புற வாழ்க்கையைக் காட்டும் மியூசியம் திறந்திருந்தார்கள். ஏர், உரல், நெற்குதிர், மீன்கூடை; நடுக்கூடத்தில் என் உயரத்துக்கு ஒரு கல்யாண ஜோடி பொம்மை, மணையில் உட்கார்ந்தபடி. எந்த வேலையிலும் நிலைக்காத சித்தப்பாவுக்கு அங்கே காவல் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபமே வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் சாப்பாடு கொண்டுபோனபோது மாப்பிள்ளை துண்டுதுண்டாகக் கிடந்தார். ஒட்டடைக் கம்பு பட்டுவிட்டதாம்.

"டேய், நிர்வாகி சார் வர்ற நேரம்டா. பாத்தாருன்னா இந்த வேலையும் காலி!"

சித்தப்பா துண்டுகளைக் குதிருக்குள் போட்டு மூடினார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் மாப்பிள்ளையின் மணையில் நான்: பட்டு வேட்டி, தலைப்பாகை, நெற்றியில் பட்டையாக விபூதி. சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான்!

"மூச்சு மட்டும் விட்டுக்கோ, ராஜா. மத்ததெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம்."

நிர்வாகி சார் வந்தார், பார்த்தார், திருப்தியாக வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்து, கோவளத்திலிருந்து மீன் விற்க வந்த இரண்டு பெண்கள் காலிக் கூடைகளோடு நுழைந்தார்கள்.

"இன்னாமே, இந்தப் பொம்மை கண்ணு சிமிட்டுது!"

"நாஸ்தா துன்னாம வந்தா அப்டித்தான். ஆனா மாப்ளே ஷோக்கா கீறான்மே."

சொன்னவள் சும்மா போகவில்லை. எங்கள் முன்னால் வைத்திருந்த தட்டிலிருந்து அட்சதையை அள்ளி எங்கள் இருவர் தலையிலும் போட்டு, திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.

ஆசீர்வாதமே ஆகிவிட்டதே! கல்யாணம் என்றால் சாகும்வரை என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். இவளோ மண், எனக்கு முன்னால் சாகவும் மாட்டாள். பஸ்ஸில் இவளுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா? அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையை அசைக்கக் கூடாதே, மூக்கும் சேர்ந்து ஒழுகியது.

அப்போதுதான் ஒரு டீச்சர் பள்ளிப் பெண்களை வரிசையாக அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் அம்மா! சித்தப்பா தூணுக்குப் பின்னால் மறைந்தார்.

அம்மா என் எதிரே வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். தூணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த சித்தப்பாவின் முழங்கையைப் பார்த்தாள். வராந்தாவையும் ஒருமுறை பார்த்தாள்.

"டீச்சர், இந்தப் பொம்மை அழுவுது!"

"அழல. புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க, இன்னும் காயல. யாரும் தொடக் கூடாது. எல்லாரும் உரலைப் போய்ப் பாருங்க."

பெண்கள் திரும்பியதும் புடவைத் தலைப்பால் என் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமைக்குள் சித்தப்பா மாப்பிள்ளையை ஒட்டிவிட்டார். கொஞ்சம் கோணல்தான், வேலை மட்டும் நிலைத்தது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி நடித்தவன் என்று நான் வகுப்பில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மண் பொம்மைக்கு யாராவது மூக்கைத் துடைத்துவிடுவார்களா என்று மட்டும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.