மணியின் இருபத்தெட்டுக் குளிசைகள்

மிருக வைத்தியனிடம் நோயாளி பொய் சொல்வதில்லை. கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் சொல்வார்கள். வீட்டில் நாய் வளர்த்து, அதன் வாய்க்குள் மருந்துக் குளிசை போடப்போய்க் கடி வாங்கியவர்களுக்கு மிச்சக் கதை விளங்கும்.

பருவுக்கு மஞ்சள்

கொக்குவிலில் என் மருந்தகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர் சிவராசா மாஸ்டர். இளைப்பாறிய கணித ஆசிரியர். மூன்று நாளாகச் சாப்பிடாத தன் நாய் மணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பல்முரசு வெளிறி, உடம்பு அனலாகக் கொதித்தது. உண்ணி இருக்கிறதா என்று கேட்டேன். எங்கள் வீட்டு நாய்க்கா என்று கோபப்பட்டார். காதை மடித்துக் காட்டினேன், கொழுத்த உண்ணிகள் வரிசையாக இருந்தன. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதைப் பருவெண்டு ரெண்டு கிழமையா மஞ்சள் பூசி வளத்திருக்கிறம், டொக்டர்."

ஐந்தாம் நாள் சுகம்

இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானது. இருபத்தெட்டு நாளும் தவறாமல் குளிசை கொடுக்கவேண்டும் என்று துண்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். பொரித்த மீனுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே மணி எழும்பிப் பூனையைக் கலைத்துக்கொண்டு ஓடினான். அன்றோடு மருந்தை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் கிழமை மூக்கால் இரத்தம் வழியத் திரும்பி வந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தம் போட்டேன். இருபத்தெட்டு வரை எண்ணத் தெரியாதா என்று கணித மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஓடித் திரியிற பிள்ளைக்கு ஏன் மருந்தெண்டு நினைச்சிட்டம், டொக்டர்."

கொடியேறிய கிழமை

முதலிலிருந்து தொடங்கினோம். இன்னொரு தடவை நிறுத்தினால் மணி பிழைக்கமாட்டான் என்று வெளிப்படையாகவே சொன்னேன். அந்தக் கிழமைதான் நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறியது. இருபத்தைந்து நாளும் அவர்கள் வீட்டில் மரக்கறிதான். உருளைக்கிழங்குக்குள் வைத்தால் மணி கிழங்கைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பினான். வாயைத் திறந்து போடப்போன மாஸ்டர், கட்டுப்போட்ட விரலோடு வந்து நின்றார். மீன்தான் வழி என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொடியேறினால் எங்கடை வளவுக்குள்ளை மீன் வந்ததில்லை, டொக்டர். மலருக்கு நான் எப்பிடிச் சொல்லுவன்?"

மதிலுக்கு வெளியே

மலர் ரீச்சர் மாஸ்டரின் மனைவி. விரதத்தில் மாஸ்டரைவிடக் கடுமை. அடுத்த நாள் காலை மனம் கேட்காமல் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். பின்மதிலுக்கு வெளியே மூன்று கல் வைத்து, ரீச்சர் தன் கையால் ஒரு சூடை மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார். முள்ளெடுத்து, குளிசையை உள்ளே வைத்து ஊட்டினார். மணி விழுங்கினான். கோயிலுக்கு நேரமாகவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"தலை முழுகிப்போட்டுப் போவன், தம்பி. முருகன் எனக்காகக் காத்துக்கொண்டு நிப்பார். இவன் நிக்கமாட்டான்."

இருபத்தெட்டுக் குளிசையும் முடிந்து மணி இப்போது நல்ல சுகம். ஆனால் மதிலுக்கு வெளியே கூட்டிப்போய் ஊட்டினால்தான் தின்பேன் என்று அவன் பிடிக்கும் அடத்துக்கு என் அலுமாரியில் மருந்தில்லை.