நான் மேடையில் வைத்த குளிசைப் போத்தல்

அன்பான விசுவாசிகளே, இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதலாவதைச் சொன்னபோது நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அது பொய். இதற்கு யாரும் கைதட்ட வேண்டாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆண்டவர் மேலுள்ள நன்றியும் அந்தக் கோபத்துக்குள்ளேதான் இருக்கிறது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்துவந்த கணவர் மூலம் வந்தது. அவர் இறந்த பிறகுதான் எனக்கே தெரியும். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியோரம் வாடகை வீடு. காலையில் வாசலிலேயே இடியப்பமும் சம்பலும் விற்றுப் பிழைத்தேன். கிளினிக்கில் தந்த குளிசையைத் தினமும் படுக்கப் போகும்போது போடுவேன். தலை சுற்றும், கண்டபடி கனவு வரும். ஆனாலும் உடம்பு நன்றாக இருந்தது. கிருமி நன்றாக அடங்கியிருக்கிறது என்று டொக்டர் சொல்வார்.

எங்கள் போதகரிடம் மட்டும் நோயைச் சொன்னேன். எனக்காக ஜெபிக்கத்தான் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"தங்கச்சி, ஒரு கையில குளிசை, மற்றக் கையில வேதாகமம். எந்தக் கையை நம்புறீங்கள்?"

அந்தக் கேள்வி என்னை ஒரு கிழமை, ஏழு நாளும் தின்றது. அடுத்த உபவாசக் கூட்டத்தில் குளிசைப் போத்தலைக் கொண்டுபோய் மேடையில் வைத்தேன். நோயின் பெயரைச் சொன்னேன். சுகமாகிவிட்டேன் என்றும் சொன்னேன். போதகர் போத்தலைத் தூக்கிக் காட்டினார். மண்டபம் அதிர்ந்தது.

அன்று அழுதுகொண்டு என்னைக் கட்டிப்பிடித்த சகோதரிகளே, திங்கட்கிழமை உங்களில் ஒருவர்கூட இடியப்பம் வாங்க வரவில்லை. என் சுகத்தை நம்பினீர்கள், என் கையை நம்பவில்லை. கதை பரவியது. இரண்டு கிழமைக்குள் துறைமுக வேலைக்காரரும் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். சாம்பல்தீவிலிருக்கும் தங்கை அனுப்பிய அரிசியில்தான் அடுப்பு எரிந்தது.

எனக்குப் பயம் வந்தது. வீட்டில் மீதிக் குளிசைகள் கொஞ்சம் கிடந்தன. பயம் கூடிய நாளில் ஒன்றைப் போடுவேன். மறுநாள் 'அவிசுவாசி' என்று என்னை நானே ஏசி, விட்டுவிடுவேன். இப்படியே மாதங்கள் போயின. கிளினிக்குக்குப் போகவில்லை. அவர்கள் கூப்பிடுவார்கள் என்று போன் நம்பரையும் மாற்றினேன்.

மாரி மழை தொடங்கியபோது காய்ச்சல் பிடித்தது. இருமல் நிற்கவில்லை. வாய்க்குள் வெள்ளை படர்ந்து, தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. போதகருக்கு அறிவித்தேன். "உங்கட விசுவாசத்தில எங்கேயோ ஓட்டை இருக்கு. ஆராய்ஞ்சு பாருங்கோ" என்று குரல்பதிவு அனுப்பினார். ஆள் வரவில்லை.

ஒரு வியாழன் காலை, குசினியில் அடுப்புக்குக் கிட்டத் தரையில் கிடந்தபடி ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை, சண்டை. "ஆண்டவரே, சுகமும் தரேல்லை, குளிசையும் கையை விட்டுப் போயிட்டுது. உமக்கு என்னதான் வேணும்? ஆரையாவது அனுப்பும், இல்லாட்டி என்னை எடும்!" என்று கத்தினேன்.

மத்தியானத்துக்கு முன் வாசல் படலையில் சத்தம் கேட்டது. "இடியப்பம் இருக்கா?"

எத்தனையோ மாதமாக யாரும் கேட்காத கேள்வி. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கிளினிக் தாதி பரீதா, கிண்ணியாக்காரி. சீருடை இல்லை, கையில் ஒரு கூடை. அயலவர் காதுக்காகத்தான் இடியப்பம் கேட்டிருக்கிறார். உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன தரம் போன் எடுத்த தெரியுமா? ஏன் புள்ள இப்படிச் செஞ்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். என் சபையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "நானும்தான் அல்லாஹ்கிட்ட துஆக் கேக்கிற. மருந்தையும் குடிச்சிட்டுக் கேப்பேன்" என்றார். ஓட்டோ பிடித்து என்னை ஏற்றினார்.

நுரையீரலில் தொற்று. வார்ட்டில் பல நாள் கிடந்து தப்பினேன். பழைய குளிசையை மறுபடி தந்தார்கள். இந்த முறை ஒழுங்காகப் போட்டேன். ஆனால் கிருமி குறையவே இல்லை. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கள் விட்டு விட்டுப் போட்டதில கிருமி அந்த மருந்துக்குப் பழகிட்டுது. அது இனி உங்களுக்கு வேலை செய்யாது."

"அப்ப நான் செத்துப்போவனா?"

"இல்லை. வேற மருந்து இருக்கு. எது வேலை செய்யும், எது செய்யாது எண்டு இந்தச் சோதனையிலயே தெரியுது. ஆனா இதையும் விட்டு விட்டுப் போட்டீங்களெண்டா, மிச்சமிருக்கிற வழியும் குறைஞ்சுகொண்டு போகும்."

புது மருந்து காலையிலும் மாலையிலும். முதல் மாதம் வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வேளையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு குளிசையையும் ஜெபித்துத்தான் விழுங்கினேன். ஆறு மாதம் கழித்துப் பரீதா பேப்பரைக் காட்டினார். சோதனையில் பிடிபடாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

செய்தி கேட்டுப் போதகர் வந்தார். "பாத்தீங்களா, நாங்கள் விடாமல் ஜெபிச்சனாங்கள். ஞாயிறு வந்து சாட்சி சொல்லுங்கோ. மருந்துக் கதை மட்டும் வேண்டாம்."

"பாஸ்டர், நான் தரையில கிடக்கேக்க நீங்கள் வரேல்லை. ஆண்டவர் ஆரை அனுப்பினார் எண்டதை உங்களுக்காக என்னால மாத்திச் சொல்ல ஏலாது."

"பெருமை பேசாதீங்கோ."

நான் எழும்பி, அவர் போகப் படலையைத் திறந்துவிட்டேன்.

அவரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனமில்லை. என் பொய்ச் சாட்சியைக் கேட்ட ஒருத்தி, ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தவள், அன்று என் காதில் சொன்னாள்: "அக்கா, எனக்கும் இதே வருத்தம்தான். நானும் குளிசையை விடப்போறன்." நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவளை ரஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூதூர் வழியாகப் பஸ் பிடித்து அவளைத் தேடிப் போனேன். எலும்பும் தோலுமாக வாசலுக்கு வந்தாள்.

"நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள்! இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்? போங்கோ!"

கதவைச் சாத்தினாள். இன்னும் இரண்டு தரம் போனேன். அதே கதவு. நான்காம் தரம் பையும் கையுமாக வாசலில் நின்றாள். "உங்கட முகத்தைப் பாக்க எனக்கு விருப்பமில்லை. கிளினிக்குக்கு எந்தப் பஸ்ஸில போறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

விசுவாசிகளே, யாராவது குளிசையை விட்டிருந்தால் முழங்காலில் நில்லுங்கள். பிறகு எழும்பிக் கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை மாதம் விட்டிருந்தாலும் வெட்கப்படாமல் போங்கள். ஒரு மருந்து கைவிட்டால் இன்னொன்றைத் தேடித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் விசுவாசத்தை அளக்க யாராவது உங்கள் மருந்தைக் கேட்டால், கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்பவர் ஆண்டவர் இல்லை.

ரஞ்சி இப்போது மருந்து எடுக்கிறாள், உடம்பு தேறியிருக்கிறாள். கிளினிக் நாளில் என்னைக் கண்டால் எழும்பிப் போய் மற்ற வாங்கில் உட்காருவாள். இன்றுவரை என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. கதைக்காவிட்டால் இருக்கட்டும். உயிரோடு இருந்து என்மேல் கோபப்படுகிறாள். அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.