போன்ழூர் சொன்னால் போதும்

பார்க்காத ஊரைப் பார்த்ததுபோல் பேசுவதுதான் டிராவல்ஸ் வேலை. மூலக்குளத்தில் ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து பாரிஸ் சுற்றுலாவுக்கு ஆட்களை அனுப்புகிறேன். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. இங்கே எழுதுவதெல்லாம் போய்வந்தவர்கள் சொன்னதும் போனில் கேட்டதும்தான். வீட்டின் முதல் பட்டதாரியாகி, வேலை நிரந்தரமாகுமா என்று நகம் கடிக்கும் தோழர்களுக்கு என் நிலைமை புரியும்.

யார் முதலில்?

பாரிஸ் கடைக்காரர்கள் சிடுசிடுக்கிறார்கள் என்று பலரும் குறைபட்டுக்கொண்டார்கள். வில்லியனூருக்கு விடுமுறையில் வந்த ஒரு பாரிஸ்வாசியிடம் காரணம் கேட்டேன். உள்ளே நுழைந்ததும் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால், அங்கே அது மரியாதைக் குறைவாம். அன்று முதல், எங்கே நுழைந்தாலும் முதலில் போன்ழூர் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்ப ஆரம்பித்தேன்.

நான் தனியாக ஏற்பாடு செய்த முதல் குழுவில் கரையாம்புத்தூர் கரும்பு விவசாயி கலியபெருமாள் ஐயாவும் அவர் மனைவி அஞ்சலை அம்மாவும் இருந்தார்கள். இந்தக் குழு குறை சொல்லாமல் திரும்பினால்தான் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அஞ்சலை அம்மா அந்தச் சொல்லை முணுமுணுத்துப் பழகிக்கொண்டார். ஐயாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"வாங்கறவன் நானு. நான் இன்னாத்துக்குபா மொதல்ல கும்பிடணும்?"

வண்டியில் ஒரு கல்யாண வீடு

ஈஃபில் டவர் ஏறவேண்டிய நாளில் ஐயாவிடமிருந்து போன் வந்தது. முதலாளி பக்கத்திலேயே இருந்தார். நடந்தது இதுதான்: மெட்ரோ ரயிலில் ஏறிய அஞ்சலை அம்மா, கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவர்போல ஒவ்வொரு இருக்கையாகப் போய்க் கைகூப்பிப் போன்ழூர் சொல்லியிருக்கிறார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐயா அவரை இழுத்து வருவதற்குள் குழு இறங்கிவிட்டது, கதவு மூடிவிட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கி நில்லுங்கள் என்றேன். அதற்குள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து வந்து, போன்ழூர் என்று பதில் சொல்லி, அவர்கள் நீட்டிய ஹோட்டல் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாராம். போனை அஞ்சலை அம்மா வாங்கினார்.

"பயப்படாதடா கண்ணு. இந்தம்மா வூடு வரைக்கும் வந்து வுட்டுட்டுதான் போவும் போல இருக்குது."

ஏறாத டவர்

அந்த அம்மாள் ரயில் மாறி ஹோட்டல் வாசல் வரை கொண்டுவிட்டார். ஆனால் டவர் ஏறும் நேரம் கடந்துவிட்டது. பாரிஸ் போய் டவர் ஏறாமல் திரும்பியவர் சும்மா இருப்பாரா? ஊர் வந்த மறுநாளே ஐயா அலுவலகத்துக்கு வந்து, என்னைத் தாண்டி நேராக முதலாளி முன்னால் உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"டவரு கெடக்குது வுடுபா, அடுத்த தபா ஏறிக்கலாம். மடுகரையில எம் மச்சான் குடும்பத்தோட போவணுமாம். இந்தப் புள்ளையே பாக்கட்டும்."

முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த மாதமே வேலை நிரந்தரமானது.

பிறகு விசாரித்ததில், பாரிஸில் கடையில் சொல்வார்கள், லிஃப்டில் சொல்வார்கள், டாக்டரின் காத்திருப்பு அறையில்கூடச் சொல்வார்கள், மெட்ரோவில் மட்டும் யாரும் யாருக்கும் போன்ழூர் சொல்வதில்லை என்று உறுதியானது. மடுகரைக்காரர்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.