அஸ்நாகெச்சின் கவளம்

என்னைப் பற்றி நல்லதாக எதுவும் இதில் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம், இவள் என்ன இப்படி இருக்கிறாள் என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

அஸ்நாகெச் வறுத்த வாற்கோதுமை விற்றுப் பிழைத்தவள். கோந்தர் நகரத்துப் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஆறு குடித்தனத்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய் இருந்த முற்றத்தில், கடைசி அறை அவளுடையது. அரசாங்க வாடகை அறை என்பதால் யாரும் அவளைக் காலி செய்யச் சொல்ல முடியாது. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு எல்லைப் பக்கம் போனவன், அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. விடியும்போதே அடுப்பு மூட்டி வாற்கோதுமையும் கொண்டைக்கடலையும் வறுப்பாள். அந்த வாசனையில்தான் மற்ற ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் கண் விழிப்போம். ஏழு மணிக்கெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுவாள்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் எங்களுக்குக் கொண்டாட்டம். தட்டில் இஞ்சேராவை, எங்கள் ஊர்ப் புளித்த மாவுத் தோசையை, விரித்து, மேலே கடலைமாவுக் குழம்பை ஊற்றி, வாசலில் உட்காருவாள். நாங்கள் சுற்றி நிற்போம். இஞ்சேராவைக் கிழித்து, குழம்பில் புரட்டி, உருட்டி, ஒவ்வொருவர் வாயிலும் தன் கையால் வைப்பாள். அதை நாங்கள் குர்ஷா என்போம். கொடுக்கிறவருக்கும் மரியாதை, வாங்குகிறவருக்கும் மரியாதை. ஒருவர் கவளத்தை நீட்டும்போது வாயை மூடிக்கொண்டால், அவர் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம்.

“வாயைத் தொறடி மின்துவாப். இன்னும் பெரிசா. இந்த வாய்க்குள்ள ஈ கூட நுழையாது.”

“ரொம்பப் பெரிசா இருக்கு எத்தியே!”

“சின்னதா உருட்டுனா அஸ்நாகெச் கஞ்சப் பிசினாறின்னு ஊரு சொல்லும். பேசாம முழுங்கு.”

வயதில் மூத்த பெண்களை எத்தியே என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். முற்றத்தில் எத்தனையோ எத்தியேக்கள் இருந்தார்கள். ஆனால் வெறுமனே எத்தியே என்று சொன்னால் எங்களுக்கு அது அவள்தான். என் கவளத்துக்குள் மட்டும் ஒரு துண்டு அவித்த முட்டையை ஒளித்து வைப்பாள். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று நானும் கமுக்கமாக மென்று விழுங்குவேன். என் அம்மா தெப்ரிதுவுக்கு இது பிடிக்காது. “என்னமோ எம்மவ வீட்டுல பட்டினி கெடக்குற மாதிரி அங்க போய் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது” என்று முணுமுணுப்பாள். ஆனால் தடுத்ததில்லை. ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு வாய்க்கு வெளியே தீனி கிடைத்தால் யார்தான் தடுப்பார்கள்?

எனக்கு ஒன்பது வயதானபோது, மழைக்காலம் முடிகிற சமயம், கடுமையான காய்ச்சல் கண்டது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், அம்மாவின் சித்தி ஒரு மந்திரக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் புடா என்று சிலரைச் சொல்வார்கள். கண்ணாலேயே ஆளைத் தின்கிறவர்கள். புடா தின்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், உளறும், செத்துப்போகும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஆட்டுமயிரையும் பழைய செருப்புத் தோலையும் தணலில் போட்டு, அந்தப் புகையில் பிள்ளையின் முகத்தைப் பிடித்து அமுக்கி, உன்னைத் தின்றது யார் என்று கேட்பார்கள். பிள்ளை எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்த ஆள்தான் புடா. விசாரணை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் அந்த ஒரு பெயரோடு முடிந்தது.

மத்தியான வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு என் தலைமேல் போர்வையைப் போட்டார்கள். புகை. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்கழுத்தில் யாருடைய கையோ.

“யாரு உன்னைத் தின்னது? பேரைச் சொல்லு!”

எனக்குத் தண்ணீர் வேண்டும். அந்தக் கையை யாராவது எடுத்துவிட வேண்டும். என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

“எத்தியே” என்று அழுதேன். “எத்தியே அஸ்நாகெச்...”

நான் அவளைக் கூப்பிட்டேன், ஐயா. கூப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அம்மா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. “கரியாப் போறவளே! எம்புள்ளைக்கு ஊட்டி ஊட்டியா தின்னே!” என்று கத்திக்கொண்டே முற்றத்துக்கு ஓடினாள். அஸ்நாகெச் எங்கள் வாசல் பக்கம்தான் நின்றிருந்தாள். மூன்று நாளாக வெளியாள் யாரையும் உள்ளே விடவில்லை, அதனால் அங்கேயே நின்றிருந்தாள். அம்மா அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தின்றவளுடைய முடியை வெட்டி, அதையும் தணலில் போட்டால் பிள்ளையை விட்டுவிடுவாளாம்.

அஸ்நாகெச் திமிறவே இல்லை. என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“எம்முடியால கொழந்தை பொழைக்கும்னா முழுசா வெட்டிக்க தெப்ரிது. ஆனா ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போ. ஒன் காலைப் புடிச்சுக் கேக்குறேன்.”

“வாயை மூடு. எந்தக் கண்ணால எம்புள்ளையப் பாத்தியோ அந்தக் கண்ணைக் கீழ போடு.”

முடியை எரித்தார்கள். மறுநாள் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மலேரியா என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிழைக்க வைத்த பெயர் என்னவோ எரிந்த முடிக்குத்தான் கிடைத்தது.

அதோடு விட்டார்களா? ஒரு வாரத்துக்குள் அவள் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமமாம். அப்பன் பானை வனைகிறவனாம். “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் அப்போது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. குயவர்கள் என்றால் புடா என்பது எங்கள் ஊரின் பழைய கிறுக்கு. அவர்கள் வனைந்த சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே அவர்களைப் பார்த்துப் பயப்படுகிற ஜனம் நாங்கள்.

வாற்கோதுமை விற்கவில்லை. அவள் கைபட்ட தீனியை யார் வாங்குவார்கள்? கூடை காலையில் போன மாதிரியே சாயங்காலம் திரும்பி வரும். கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டு, ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கப் போனாள். அவள் குழாயடிக்கு வந்தால் பெண்கள் குழந்தைகளின் முகத்தைத் துணியால் மூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்குக் காப்பி போடுவது முறை வைத்து வரும். அவள் முறையை யாரும் நீக்கவில்லை, அவளும் விடவில்லை. கொட்டையை வறுத்து, இடித்து, சாம்பிராணி போட்டு, வாசலில் நின்று கூப்பிடுவாள்.

“காப்பி ஆயிருச்சு. வாங்க எல்லாரும்.”

மற்ற ஐந்து கதவும் மூடியே இருக்கும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று வழக்கமான மூன்றையும் ஒழுங்காக ஊற்றித் தானே குடிப்பாள். குடிக்க ஆளில்லையே என்று ஒரு சுற்றைக்கூடக் குறைத்ததில்லை. நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கதையைக் கேளுங்கள். நான் ராணி ஆகிவிட்டேன். புடா வாயிலிருந்து தப்பி வந்த பெண் என்று தினம் ஒரு முட்டை, தலைக்கு வெண்ணெய், வீட்டு வேலை எதுவும் கிடையாது. “அம்மா, நான் கூப்பிடத்தான் செஞ்சேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் வாரம் பயம். இரண்டாம் வாரம் வெட்கம். மூன்றாம் வாரம் முட்டை ருசித்துவிட்டது. அதையும் மிஞ்சி ஒரு காரியம் செய்தேன். முட்டை நின்றுபோன மாதத்தில், “அம்மா, அவ என்னையவே பாத்தா” என்று சொன்னேன். மறுபடி முட்டை வந்தது. அப்படி இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் அம்மா போய் அவள் கதவில் கல்லெறிந்துவிட்டு வந்தாள்.

பதினைந்து வருஷம் போனது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பாஹிர்தாரில் இருந்தார்கள். கௌரவமான குடும்பம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், காலையில் குழாயடியில் நான் தனியாக இருந்தேன். அஸ்நாகெச் வந்தாள். சலவைச் சோடாவில் ஊறி ஊறி வெடித்துப்போன கை. முகத்தைக் கீழே போட்டுக்கொண்டுதான் பேசினாள். அது பழகிவிட்டது அவளுக்கு.

“மின்துவாப், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க எத்தியே.”

“கல்யாணப் பந்தல்ல பெரியவங்க எல்லாரும் ஒனக்கு ஒரு வாய் ஊட்டுவாங்கல்ல. நானும் வரேன். எங்கையால ஒரே ஒரு வாய் வாங்கிக்க. அவ்வளவுதான்.”

நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொழைச்சு வந்த நீயே வாயைத் தொறந்தா, ஊரு என்ன சொல்லும்? ஒண்ணும் சொல்ல முடியாதுடி. வயசாகுதும்மா. காப்பிக்கு ஒருத்தராவது வந்து ஒக்காரணும்னு இருக்கு. நீ யார்கிட்டயும் ஒண்ணும் வெளக்க வேணாம். பழசு எதையும் பேச வேணாம். வாயைத் தொறந்தாப் போதும்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு வாசலில் நின்று என் குரலைக் கேட்டவள்தானே. எந்தக் குரலில் கூப்பிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாமல் போகுமா?

“சரி எத்தியே. கண்டிப்பா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவள் என் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, இறக்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று வெள்ளைப் பருத்தி உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள். விடுதி விரிப்புகளை வெளுத்த கை, உடுப்பு பளீரென்று இருந்தது. எங்கள் முற்றத்துக்காரர்கள் அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். நேராக மணமேடைக்கு வந்து, எங்கள் தட்டில் இருந்த கோழிக்குழம்பில் இஞ்சேராவைப் புரட்டி, முட்டையில் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளே வைத்து உருட்டினாள். அம்மா தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

“வாயைத் தொறம்மா” என்றாள் அஸ்நாகெச்.

நான் திறக்கவில்லை.

ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கவளத்தை வாங்கினால், அத்தனை வருஷமும் நான் பொய்க்காரி என்று பந்தல் முழுக்கத் தெரிந்துவிடும். அது ஒரு காரணம். ஒரு பொய்யோடு பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தினால் அதுவே உண்மை மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் உண்டு. அந்தக் கை அருகில் வந்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

புதுசாக வந்த மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைத் தட்டினாள். “என்ன மருமகளே, பெரியவங்க கையை நீட்டிட்டு நிக்கிறாங்க. வாங்கிக்க. இப்படிச் செய்யலாமா?”

எனக்கு யாரும் புகை போடவில்லை. கழுத்தை யாரும் அமுக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது, உடம்பு நன்றாக இருந்தது.

“வேணாம் அத்தை” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “இவ புடா. சின்ன வயசுல என்னையத் தின்னவ.”

மாமியார் அலறி, தன் மேல்துணியை என் முகத்தில் போட்டு மூடினாள். இரண்டு பேர் ஓடி வந்து அஸ்நாகெச்சைத் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். துணி வழியாக அவளுடைய வெள்ளை உடுப்பு பின்னால் நகர்வது மங்கலாகத் தெரிந்தது. கவளம் அவள் கையிலேயே இருந்தது. குழம்பு முழங்கை வரை வழிந்திருந்தது.

“அன்னிக்கு ஒனக்குக் காய்ச்சல்டி” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கு என்ன?”

அவளை வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆசீர்வாதம் சொல்லி, எனக்கு ஊட்டினார்கள். நாற்பது பேர் இருக்கும். எல்லார் கையாலும் வாங்கிச் சாப்பிட்டேன். எல்லாம் இறங்கியது.