ஆளுக்குப் பாதி வீடு

பின்னல் ஊசிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அனஸ்ரேசியாவுக்குப் பல்லைக் கூசவைக்கும். அறைக் கதவைச் சாத்திவிட்டு இருந்து வாசித்தாலும் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துவிடும். அதனால் மழை இல்லாத நாட்களில் புத்தகத்தையும் ஒரு போர்வையையும் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்க மரத்தளத்துக்குப் போய்விடுவாள். அந்த ஆகஸ்ட் மாதம் அப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஞானமலர் பின்னினாள், வெளியே அனஸ்ரேசியா வாசித்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு.

ஞானமலர் அவளுடைய அண்ணன் மனைவி. நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் என்ற இடத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றை அண்ணன் சூசைரட்ணமும் அனஸ்ரேசியாவும் சேர்ந்து வாங்கினார்கள். மன்னாரிலிருந்து வந்து, வடக்கே கடலோரத்து ஆலையொன்றில் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டிய காலத்திலேயே அண்ணனும் தங்கையும் பேசி வைத்த வீடு அது. அப்போது அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகு ஞானமலர் வந்தாள், லீசா பிறந்தாள். அனஸ்ரேசியா கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு வயோதிபர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போய்விடுவாள்.

அண்ணன் இருந்தவரை இரு பெண்களின் கோபமும் அவனிடம் போய் முட்டித் தணிந்துவிடும். "ரெண்டுபேரும் சொல்லுறது சரிதான்" என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றுவான். ஒரு பனிக்காலக் காலையில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அவனுடைய பாதி வீடு ஞானமலருக்கு வந்தது. லீசா கல்யாணமாகி குரோருட்டுக்குப் போனாள். ஒருத்தியை ஒருத்தி தேர்ந்தெடுக்காத இரண்டு பெண்கள் ஒரே குசினிக்குள் மிஞ்சினார்கள்.

நேருக்கு நேர் கதைப்பதை அவர்கள் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். ஞானமலர் கேத்திலைப் பார்த்துச் சொல்வாள்: "குளிக்கிற இடத்திலை தலைமயிர் அடைச்சுக் கிடக்குது. எடுக்க ஒருத்தருமில்லை." அனஸ்ரேசியா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்குள் பதில் சொல்வாள்: "எனக்குத்தான் தலையிலை மயிர் இருக்கெண்டு நினைக்கினமாக்கும்."

அந்தக் கோடையில் சண்டைக்குப் புதுக் காரணமாக ஒரு முள்ளெலி வந்து சேர்ந்தது. வேலியோரத்தில் சின்னச் சிவப்புப் பழம் காய்க்கும் ரிப்ஸ் பற்றையின் கீழே அது குடியிருந்தது. பின்னேரம் வெயில் சாய, பற்றைக்குள் சருகு சரசரக்கும். பிறகு ஒரு சின்ன மூக்கு வெளியே வரும். ஞானமலர் பின்னலை வைத்துவிட்டு எழுந்து, கோப்பைத் தட்டில் பூனைச் சாப்பாட்டைப் போட்டுப் புல்லில் வைப்பாள்.

"வா பிள்ளை. வாடா ராசா. பசிச்சுப்போச்சோ?"

அனஸ்ரேசியா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே எரிவாள். அண்ணன் இறந்த நாளிலிருந்து தன்னிடம் 'சாப்பிட்டீங்களோ' என்று ஒரு சொல் கேட்காத வாய், முட்கள் நிறைந்த ஓர் எலியை ராசா என்று கூப்பிடுகிறது.

"உதைத் தின்ன வீட்டெலியும் வரும், நத்தையும் வரும்," என்று அவள் புத்தகத்திடம் சொன்னாள். நத்தை வரத்தான் செய்தது. விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறத்தில், ஓடில்லாமல், வழவழவென்று அவை தட்டைச் சுற்றிக் கிடந்தன. ஒருநாள் அவள் தட்டில் இருந்ததை அள்ளிக் குப்பையில் கொட்டினாள். ஞானமலர் வந்து பார்த்தாள், திரும்பவும் போட்டாள். மறுநாள் இவள் கொட்ட, மறுபடியும் அவள் போட்டாள்.

புத்தக விசயம் நடந்தது அதற்கடுத்த கிழமை. கொழும்பிலிருந்து ஒரு சிநேகிதி அனுப்பியிருந்த தடித்த நாவல் அது. முடிந்துவிடுமே என்று பயந்து, அனஸ்ரேசியா ஒரு நாளைக்குச் சில பக்கங்கள் மட்டும் வாசித்து வந்தாள். வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று அதைச் சோபாவின் கைப்பிடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நல்ல மழைக்குள் நனைந்து வீடு திரும்பியபோது, புத்தகம் வெளியே மரத்தளத்து மேசையில் விரிந்து கிடந்தது. பக்கங்கள் ஊறி, தண்ணீரில் போட்ட பாண் மாதிரி உப்பியிருந்தன. முடிவுப் பகுதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது.

வீட்டில் ஞானமலர் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியான லீசாவைப் பார்க்கக் குரோருட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய பின்னல் மட்டும் கூடைக்குள் இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு போர்வை. ஓரங்களில் இலைபோல வேலைப்பாடு. முடிய இன்னும் ஒரு சாண்தான் இருந்தது.

அனஸ்ரேசியா ஈர மேற்சட்டையைக் கூடக் கழற்றவில்லை. சோபாவில் இருந்தாள், ஊசியை உருவினாள், நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி தானாகவே திறந்துகொடுத்தது. இவ்வளவு சுகமான வேலையை அவள் அந்த வீட்டில் நெடுநாளாகச் செய்ததில்லை. நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்து நிலத்துக்கு வழிந்தது. பாதியில் கை உளைந்தது. இப்போது நிறுத்தினால் பிழை செய்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்ற, அவள் கடைசிக் கண்ணிவரை இழுத்து முடித்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது. ஞானமலரோடு லீசாவும் வந்திருந்தாள். இருவரும் சோபாவையும் நிலத்தையும் பார்த்தார்கள்.

"மாமி, என்ன செய்தனீங்கள்?" என்று லீசா கத்தினாள். "அது என்ரை பேபிக்கு!"

"அம்மாட்டைக் கேள், என்ரை புத்தகத்தை என்ன செய்தவ எண்டு."

ஞானமலர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. "அதை வாசிச்சுக்கொண்டு இருந்தனான். லீசா போன் எடுத்தாள், வயிறு இறுக்குதெண்டு. அப்பிடியே வைச்சிட்டு ஓடினனான்." பிறகு, நெடுங்காலத்துக்குப் பின் முதல் தடவையாக, நேரே அனஸ்ரேசியாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் மறந்துபோனன் மச்சாள். நீங்கள் மறந்துபோய்ச் செய்யேல்லை."

ஞானமலர் குனிந்து நூலைக் கூட்டி அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டை விப்பம்," என்றாள்.

அண்ணன் போனதிலிருந்து மூன்று வருடமாக அனஸ்ரேசியா மனதுக்குள் சொல்லிவந்த வசனம் அது. எத்தனையோ இரவு அதைச் சொல்லி ஞானமலரை அழவைப்பதுபோல நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது அது மற்றவள் வாயிலிருந்து வர, காலுக்குக் கீழே பலகை ஒன்று விலகியது போலிருந்தது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஓம். விப்பம்."

லீசா வீடு விற்றுத் தரும் மெக்லர் ஒருவரைப் பிடித்தாள். வியாழக்கிழமை படம் எடுக்க ஆள் வரும், தோட்டம் வடிவாய் இருக்கவேணும் என்று இருவருக்கும் தனித்தனியே போனில் சொன்னாள். ஞானமலர் புல்லை வெட்டினாள். அனஸ்ரேசியா ரிப்ஸ் பற்றையை ஒதுக்கினாள். ஒருத்தி தோட்டத்துக்குள் இறங்கினால் மற்றவள் உள்ளே போய்விடுவாள்.

அந்தக் கிழமைதான் அனஸ்ரேசியா அதைக் கண்டாள். பொழுது படும் நேரம். வேலியின் கீழ்ப்பக்கத்தை நெரித்துக்கொண்டு நாயளவான ஒரு விலங்கு உள்ளே வந்தது. கட்டைக் கால், கனத்த உடம்பு, வெள்ளை முகத்தில் கண்களின் மேலாக ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகள். நோர்வேக்காரர் கிரெவ்லிங் என்பார்கள். பக்கத்துத் தோட்டங்களைக் கிண்டிப்போட்டதாக அயலவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அது நேரே தட்டுக்குப் போனது, பூனைச் சாப்பாட்டை ஒரு வாயில் முடித்தது, பற்றைப் பக்கம் மூக்கை நீட்டி நெடுநேரம் மோப்பம் பிடித்தது, போய்விட்டது.

கிரெவ்லிங்குக்கு முள்ளெலியின் முள் ஒரு தடையில்லை என்று வயோதிபர் இல்லத்தில் ஒரு கிழவர் சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்தும் அனஸ்ரேசியா வாய் திறக்கவில்லை. உள்ளே ஞானமலர், பிரிந்த நூலைப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், தட்டை உள்ளே எடுத்துவிடுவாள். ஆனால் அதற்கு முதலில் கதைக்கவேண்டும். முதலில் கதைத்தால் மன்னிப்புக் கேட்டதாகிவிடும். ஒருநாள் அவளே பார்த்துப் பயப்படட்டும் என்று அனஸ்ரேசியா கையிலிருந்த வேறொரு புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள்.

வியாழக்கிழமை விடிய, ஞானமலர் போட்ட சத்தம் மேல்மாடிக்குக் கேட்டது. அனஸ்ரேசியா இறங்கி ஓடினாள். புல்தரை முழுவதும் புரட்டிக் கிடந்தது. புழுவுக்காகக் கிண்டிய புல் துண்டுகள் வேரோடு கவிழ்ந்து, பன்றி உழுத நிலம் மாதிரி இருந்தது. பற்றையின் கீழே முள்ளெலியின் தோல் மட்டும் உட்புறம் வெளியாகக் கழன்று கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

ஞானமலர் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அழவில்லை.

"இப்ப சந்தோசம்தானே உங்களுக்கு?"

"எனக்கென்ன சந்தோசம்?"

"ஏதோ ஒண்டு வந்து போயிருக்குது. எத்தினை நாளாய் வந்துதோ, ஆருக்குத் தெரியும்."

கிரெவ்லிங்கைக் கண்டதைச் சொல்லியிருக்கலாம். அனஸ்ரேசியா கொட்டிலுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்து, பற்றையடியில் ஒரு குழி வெட்டினாள். ஞானமலர் தோலை இலையோடு தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு படம் எடுப்பவன் வருவதற்குள் இருவரும் முழங்காலில் இருந்து, கவிழ்ந்த புல்லைத் துண்டு துண்டாய்த் திருப்பி வைத்து மிதித்தார்கள். ஒரே துண்டில் இரண்டு கைகளும் பட்ட இடங்களில் யாராவது ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். வெயில் ஏறியதும் குளவிகள் உதிர்ந்த ரிப்ஸ் பழத்தில் மொய்க்கத் தொடங்கின. படத்தில் தோட்டம் பச்சையாகவே விழுந்தது.

வீட்டை ஓர் இளம் தம்பதியர் வாங்கினார்கள். ஞானமலர் குரோருட்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். அனஸ்ரேசியா புருசெத்தில் நான்காம் மாடியில் ஓர் அறை வீடு எடுத்தாள். போகும் நாளில் சாமான் பிரிப்பதிலும் சண்டைதான். அண்ணனின் படத்தை இருவரும் கேட்டார்கள். லீசா அதைத் தான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

புது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முதல் கிழமை அனஸ்ரேசியா அதை ஆசையாக அனுபவித்தாள், புத்தகங்களை வாசித்துத் தள்ளினாள். பிறகு ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவள், அதற்குள் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்ல ஆளில்லாமல் மூடினாள். அதற்காக அவள் ஞானமலருக்குப் போன் எடுக்கவில்லை. மறுமுனையிலிருந்தும் வரவில்லை.

பனி விழத் தொடங்கியபின் லீசாவின் மகனுக்கு ஞானஸ்நானம். கோவிலில் ஞானமலர் முன்வரிசையில், அனஸ்ரேசியா பின்வரிசையில். பிறகு லீசாவின் வீட்டில் சாப்பாடு. பிள்ளையின் போர்வை கடையில் வாங்கிய நீலப் போர்வை. அனஸ்ரேசியா அதைப் பார்த்தாள். ஞானமலர் எல்லோருக்கும் றோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். அனஸ்ரேசியாவிடம் வந்தபோது தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்பால் போனாள்.

லீசாதான் பிள்ளையைக் கொண்டுவந்து அவளுடைய மடியில் போட்டாள். "கொஞ்சம் வைச்சிருங்கோ மாமி. எனக்குக் கை உளையுது."

பிள்ளை அவள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. வாயைக் கோணி அழ ஆயத்தமானது. அவள் பதறிப்போய் அதைத் தோளுக்குத் தூக்கினாள்.

"தலையைப் பிடியுங்கோ," என்று அறையின் மறுபக்கத்திலிருந்து ஞானமலர் அதட்டினாள்.

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்," என்றாள் அனஸ்ரேசியா.