முதல் வெள்ளி நோட்டில் நான் எழுதாத பெயர்

1. நோட்டு

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக, உபதேசியாராக வேலைக்குச் சேர்ந்த அன்று பங்குச்சாமியார் என் கையில் ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். கோயிலுக்கு வர முடியாமல் படுத்திருப்பவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை சாமியார் அவர்கள் வீடுகளுக்கே நற்கருணை அப்பம் கொண்டு போவார். எங்கள் பக்கம் அதை நன்மை என்போம். யார் வீட்டுக்கு, எந்த வரிசையில் என்று எழுதுவது உபதேசியார் வேலை. நோட்டில் பெயர் இருந்தால் வண்டி நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது.

ஓய்வுபெற்ற பிறகு நான் ஏங்குவது அந்த வெள்ளிக்கிழமைகளுக்குத்தான். தென்காசியில் கிளம்பி வடகரை போய்க் குற்றாலத்தில் முடிப்போம். சாரல் காலமென்றால் பைக்கின் பின்சீட்டில் ஒரு கையில் குடை, மறு கையில் பை. வீட்டுக்காரர்கள் சின்ன மேசையில் வெள்ளைத்துணி விரித்து, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக் காத்திருப்பார்கள். சாமியார் நன்மை கொடுக்கும்போது நோயாளியின் தாடைக்குக் கீழே நான் தட்டுப் பிடிப்பேன். ஒரு துணுக்குகூடத் தரையில் விழக்கூடாது. கடைசி வீட்டில் கண்டிப்பாகக் காப்பி உண்டு. அதற்காகவே நல்ல காப்பி போடுகிற வீட்டைக் கடைசியில் எழுதுவேன். சாமியார்களுக்கு இந்த ரகசியம் தெரியாது.

2. பெட்டி வாத்தியார்

எங்கள் கோயிலில் கீபோர்டு வாசித்தவர் மிக்கேல் அண்ணாச்சி. ஆர்மோனியப் பெட்டி காலத்திலிருந்தே வாசித்ததால் கடைசிவரை பெட்டி வாத்தியார்தான். கிறிஸ்துமஸ் பவனியில் மினிவேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, வேன் பள்ளத்தில் விழுந்தாலும் சுருதி விழாமல் வாசிப்பார். பாடகர் குழுவில் யார் தப்பாகப் பாடினாலும் திட்டமாட்டார். "நல்லாருக்கு, ஆனா இது வேற பாட்டு" என்பார். அப்படியொரு ஆளை அப்புறம் நான் பார்க்கவில்லை.

ஐந்தருவி போகிற சாலையில் பழக்கடை வைத்திருக்கும் சண்முகமும் அவரும் ஒரே வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சண்முகம் சிவகிரிக்காரர், இந்து. பெரிய திருநாள்களில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். சீசனில் பாடகர் குழுவுக்கு மங்குஸ்தான் கொண்டுவந்து கொடுப்பார். பழத்தைத் தின்றுவிட்டு அவர்களைப் பற்றிப் பேசினோம். நானும் பேசினேன்.

மிக்கேல் அண்ணாச்சி நன்மை வாங்க வரவே மாட்டார். வரிசை முடியும்வரை வாசித்துக்கொண்டே இருப்பார். தட்டுப் பிடிக்கிற எனக்குத்தானே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது தெரியும். மனுஷனுக்கே தன் பாவக் கணக்கு தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

3. இரண்டு வெள்ளிக்கிழமை

பக்கவாதம் வந்து அவர் படுத்தார். அப்போது எனக்கு ஓய்வுபெற ஒரு வருடம்தான் மிச்சம். சண்முகம் கோயில் அலுவலகத்துக்கு வந்து, அவர் நன்மை வாங்க ஆசைப்படுகிறார், பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சாமியாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்கவில்லை, எழுதவுமில்லை. அந்த வீட்டுக்கு நன்மை போனால் ஊர் என்ன பேசும் என்று நானே யோசித்து, நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். நற்கருணையைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. முதல் மாதமும் இரண்டாம் மாதமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் பைக் போனது.

அதற்கடுத்த முதல் வெள்ளிக்கு முந்தின நாள் சண்முகம் மறுபடி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உபதேசியாரே, போன ரெண்டு தடவையும் காலைலயே அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு உக்கார வச்சேன். பக்கத்து வீட்டு அக்காட்டக் கேட்டு மேசையெல்லாம் வச்சேன். உங்க வண்டி தாண்டிப் போவுத சத்தம் கேட்டுது. நான் அந்த வீட்டுல இருக்கதுதான் தடங்கல்னா சொல்லுங்க, சிவகிரிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருதேன். பை கட்டி வச்சிருக்கேன்."

அவர் போய்விட்டால் அண்ணாச்சிக்குக் கஞ்சி ஊட்ட யார் இருக்கிறார்கள்? வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாங்கிறது ஒங்களப் பாத்துத்தான் சொல்லிருக்காவ" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

சாமியார் என் மகன் வயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டார். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எனக்கு நேராகத் தெரியுமா என்றார். ஊர் சொல்லுது சாமி என்றேன். ஊர் சொன்னதை வைத்து மறுத்தால் ஞாயிற்றுக்கிழமை யாருக்குமே நன்மை கொடுக்க முடியாதே என்றார். அப்புறம் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன்.

"ஆணும் ஆணும் உடலால சேருறதைத் திருச்சபை பாவம்னுதான் சொல்லுது. அதை நான் மாத்திச் சொல்ல முடியாது. ஆனா அந்த ஈர்ப்பு இருக்கிறதையே பாவம்னு சொல்லல. அவங்களை மரியாதையா ஏத்துக்கணும், ஒதுக்கக் கூடாதுன்னும் அதே பாடத்துலதான் இருக்கு. நீங்க பாதியைப் படிச்சிட்டு மூடிட்டீங்க. மீதியை அவர் பாவசங்கீர்த்தனத்துல சொல்லட்டும். அதைக் கேக்குறது என் வேலை, உங்க நோட்டோட வேலை இல்ல."

மறுநாள் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனோம். பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் சண்முகமும் வீட்டுக்கு முன்னாலேயே இருந்த பழக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அருவிக்குப் போகிற கூட்டம் துண்டும் எண்ணெயுமாய்ப் போய்க்கொண்டிருந்தது. ரம்புட்டானை அடுக்குவதும் கலைத்து மறுபடி அடுக்குவதுமாக இருந்தார் சண்முகம். வாசலோரம் அந்தப் பை இருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

கதவு திறந்தது. மேசையில் மெழுகுதிரி ஏற்றச் சொன்ன சாமியார் சண்முகத்தைப் பார்த்து, "நீங்களும் உள்ள வாங்க அண்ணாச்சி. அந்தப் பையை எடுத்து உள்ள வைங்க. இவரை யார் பாக்குறது?" என்றார்.

அத்தனை வருடத்தில் அன்றுதான் மிக்கேல் அண்ணாச்சியின் தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்தேன். விழுங்கச் சிரமப்படுவார் என்று சாமியார் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுத்தார். சண்முகம் தலையைத் தாங்கிக்கொண்டு ஸ்பூனில் தண்ணீர் விட்டார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வலது கை விரல்கள் மட்டும் போர்வையில் மெல்ல அசைந்தன. நன்மை நேரத்தில் வழக்கமாக வாசிக்கிற பாட்டு என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த முதல் வெள்ளி வருமுன் அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துச் சண்முகத்தின் கடைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை ஏற்கெனவே சொல்லியிருந்தேன், மன்னிப்பும் கிடைத்திருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லையே. அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் பெயரை எழுதாதது நான்தான், சாமியாருக்கு எதுவும் தெரியாது என்றேன்.

"தெரியும் உபதேசியாரே. வாத்தியாருக்கும் தெரியும். நேராச் சாமியார்ட்டயே போய்ச் சொல்லிருதேன்னேன். அவருதான் வேண்டாம்னாரு. 'ரிட்டயர் ஆவப்போற மனுசன், பேரு கெட்டுப்போவும், நீ மறுபடி கேட்டா எழுதிருவான்'னாரு."

இன்றைக்கு உபதேசியார் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் கேட்டு வந்தால் பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள். எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவரிடம் மூன்று வெள்ளிக்கிழமைதான் மிச்சம் இருந்தது. அதில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன்.